கொசஸ்தலை ஆற்றின் ஓட்டத்தை வானிலிருந்து கணக்கிடும்போது: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

ஆற்றில் வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை நேரடியாக அளக்கும் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று ஆற்றின் அகலத்தைப் படம் பிடிக்கும். இன்னொன்று நீர்மட்டத்தின் உயரத்தைச் சொல்லும். நாசாவும் பிரான்சின் விண்வெளி மையமும் சேர்ந்து 2022 டிசம்பரில் அனுப்பிய ஸ்வாட், மட்டத்தோடு நீர்ப்பரப்பின் சரிவையும் தரும். ஆனால் தண்ணீருக்கு அடியில் தரை எங்கே கிடக்கிறது, அது எவ்வளவு சொரசொரப்பானது என்ற இரண்டையும் மேலிருந்து எவரும் பார்ப்பதில்லை. பார்த்த மூன்றையும் பாராத இரண்டையும் ஆற்றோட்டத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் மேனிங் சூத்திரத்துக்குள் போட்டு, வெளியே வரும் எண்ணுக்கு 'ஓட்டம்' என்று பெயர் வைக்கிறோம்.

அகன்ற ஆற்றுக்கு அந்தச் சூத்திரத்தை இப்படிச் சொல்லலாம்: அகலத்தை, ஆழத்தின் 5/3 அடுக்கால் பெருக்கு; சரிவின் வர்க்கமூலத்தால் பெருக்கு; சொரசொரப்பு எண்ணால் வகு. எந்தப் பிழை எவ்வளவு கடிக்கும் என்பது இந்த அடுக்குகளிலேயே இருக்கிறது. சரிவில் 10 சதவீதம் தவறினால் ஓட்டத்தில் 5 சதவீதம்தான் போகும். ஆழத்தில் அதே 10 சதவீதம் தவறினால் 17 சதவீதம் போய்விடும்.

நான் மணலி புதுநகரில் குடியிருக்கிறேன். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் பூண்டி நீர்த்தேக்கத்தில் மதகைத் திறந்தால் எங்கள் பகுதியில் பால்காரர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை கனஅடிக் கணக்கில்தான் பேசுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கொசஸ்தலையின் ஓட்டத்தைக் கணக்கிட முயன்று, தவறாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் ஒரு முறையாவது தவறாகச் செய்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எண் முப்பத்தைந்து மடங்கு கூடுதல் அல்லது குறைவு

சூத்திரம் கனமீட்டரில் விடை தரும். அணை அறிவிப்பு கனஅடியில் வரும். ஒரு கனமீட்டர் என்பது 35.3 கனஅடி. வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. வினாடிக்கு சுமார் 37,400 கனஅடி என்ற வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் அவ்வளவு தண்ணீரும் போய்விடும். சாதாரண நவம்பர் நாள் ஒன்றுக்கு உங்கள் கணக்கு மூன்று லட்சம் கனஅடி என்று சொன்னால், ஆறு பொங்கவில்லை, அலகு பிசகியிருக்கிறது.

இதற்குத் தம்பி முறையான பிழை ஒன்று உண்டு. செயற்கைக்கோளின் நேர முத்திரை உலகப் பொது நேரத்தில் இருக்கும். மதகு திறந்த நேரம் இந்திய நேரத்தில் இருக்கும். இடையே ஐந்தரை மணி நேரம். வெள்ளம் ஏறும் நாளில் ஐந்தரை மணி நேரம் என்பது ஒரு முழு வெள்ளத்தையே தவறவிடப் போதும்.

மழை இல்லை, மதகும் மூடியிருக்கிறது. கணக்கில் மட்டும் ஆறு ஓடுகிறது

ஆறு கடலில் சேரும் எண்ணூரிலிருந்து வேலையைத் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் வரும் கோளாறு இது. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். காரணம் வெறும் சோம்பல். படத்தில் ஆறு அங்கேதான் அகலமாகத் தெரிகிறது. ஸ்வாட் நம்பிக்கையோடு அளப்பதும் 100 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளைத்தான். ரயில் பாலத்துக்கு மேற்கே ஒரு குறுக்குக்கோடு போட்டு, ஓர் ஆண்டுப் படங்களை அடுக்கினேன். ஏப்ரலிலும் மே மாதத்திலும்கூட ஆறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெருமையோடு வரைபடத்தை எடுத்துப்போய், அங்கே இறால் பிடிக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் தேதிகளை மட்டும் பார்த்தார்.

"தம்பி, இதெல்லாம் அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்கள். நீங்கள் அளந்தது ஆற்றை இல்லை, ஓதத்தை."

ஓதம் என்பது நிலவால் கடல்மட்டம் ஏறி இறங்குவது. சென்னைக் கடற்கரையில் அதன் ஏற்ற இறக்கம் பெரிது அல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆனால் எண்ணூர்க் கழிமுகம் தட்டையான சேற்றுவெளி. அங்கே மட்டம் அரை மீட்டர் உயர்ந்தாலே தண்ணீர் பக்கவாட்டில் வெகுதூரம் பரவிவிடும். அகலம் கூடும், கணக்கு அதை ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் அந்த நேரத்தில் தண்ணீர் கடலிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருக்கலாம். சரிவைக் கணக்கில் சேர்த்தவர்களுக்குக் கோளாறு வேறு வடிவில் வரும்: சரிவு எதிர்மறையாகும், வர்க்கமூலம் எடுக்க முடியாது, அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள் விழும். வெற்றுக் கட்டம் வந்தால் நிரலில் பிழை என்று அலையாதீர்கள். ஆறு உண்மையைச் சொல்கிறது.

இதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல் வகைச் செயற்கைக்கோள்கள் சூரியனோடு ஒத்திசைந்த பாதையில் சுற்றுபவை. ஓரிடத்தை எப்போதும் ஒரே கடிகார நேரத்தில்தான் கடக்கும். ஒளிப்படம் எடுக்கும் சென்டினல்-2 காலை பத்தரை மணியை ஒட்டி வரும். நிலவின் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இரண்டின் தாளமும் பொருந்தாததால், ஐந்து நாளுக்கு ஒரு முறை பார்த்தால் ஓதம் ஏறத்தாழ 15 நாள் சுழற்சியாகத் தெரியும். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை வரும் சென்டினல்-1-இன் ரேடார் படங்களில் அதே ஓதம் 64 நாள் சுழற்சியாக வேடம் போடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் அழகான வளைவு கண்ணில் பட்டால், பருவகால ஓட்டம் என்று மயங்கிவிடாதீர்கள். ஸ்வாட்டைச் சூரிய ஒத்திசைவில்லாத பாதையில் விட்டதற்கு இந்த ஓத வேடமும் ஒரு முக்கியக் காரணம்.

சோதிக்கும் வழி எளிது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைக்கான நேரங்களை எடுத்து, உங்கள் ஒவ்வொரு படத்தின் நேரத்துக்கும் ஓத உயரத்தை எழுதுங்கள். அகலத்தை அதற்கு எதிராகப் புள்ளியிடுங்கள். புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அங்கே ஓட்டம் கணக்கிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஓட்டமாக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். நானும் முயன்றேன். மிச்சம் முழுவதும் இரைச்சல்தான்.

முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் இதே கணக்கில் சேரும். வாய் குறுகினால் உள்ளே தண்ணீர் தேங்கி அகலும், ஓட்டமோ குறையும். தூர்வாரி வாயைத் திறந்த மறுநாள் நேர்மாறாக நடக்கும். அகலம் குறைந்ததைப் பார்த்து வெள்ளம் வடிந்தது என்று எழுதிவிட்டால், உண்மையில் அன்றுதான் அதிகமாக ஓடியிருக்கும்.

தீர்வு ஒன்றே: குறுக்குக்கோட்டை மேற்கே தள்ளுங்கள். வள்ளூர் அணைக்கட்டைத் தாண்டிவிட்டால் ஓதத் தொல்லை ஓயும்.

அணைக்கட்டுக்கு மேலே போனேன், சரிவே இல்லை

ஓயும், ஆனால் வேறு தொல்லை தொடங்கும். அணைக்கட்டுக்கு உடனடி மேற்கில் தண்ணீர் குளம்போல் நிற்கிறது. பரப்பு கிட்டத்தட்ட சமதளம். மேனிங் சூத்திரம் சீரான ஓட்டத்துக்கானது. தேங்கிய நீரில் அதைப் போட்டால் விடை ஒன்று வரும், பொருள் இருக்காது.

இந்த இடத்தில் சூத்திரத்தையே மாற்றுங்கள். அணைக்கட்டு என்பது ஓர் அளவுகோல். அதன் மேல்விளிம்புக்கு மேலே நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அந்த உயரத்தின் 3/2 அடுக்கை அணைக்கட்டின் நீளத்தாலும் ஒரு கெழுவாலும் பெருக்கினால் வழியும் ஓட்டம் கிடைக்கும். அகன்ற விளிம்புள்ள சுவருக்கு மீட்டர் அளவில் அந்தக் கெழு ஏறத்தாழ 1.7. இங்கே ஆற்றின் ஆழமும் வேண்டாம், சொரசொரப்பும் வேண்டாம். பாராத இரண்டும் ஒரே அடியில் ஒழிந்துவிடுவதால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். விலை என்னவென்றால், மட்டத்தில் துல்லியம் வேண்டும். விளிம்புக்கு மேல் அரை மீட்டர் நீர் இருக்கையில் 10 சென்டிமீட்டர் தவறினால் ஓட்டத்தில் 30 சதவீதம் பிசகும். மதகுகள் திறந்திருந்தால் அவற்றின் வழியே போவது தனி. அந்த நாட்களை ஒதுக்கிவிடுங்கள்.

மேனிங்கைத்தான் பயன்படுத்துவேன் என்றால், தேக்கத்தின் வால் முடியும் இடத்துக்கு மேலே போக வேண்டும். எங்கே முடிகிறது என்பதை நீர்மட்டத்தின் நெடுக்கு வரைபடமே காட்டும்: தட்டையாக வந்த கோடு நிமிரத் தொடங்கும் இடம்.

வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும், அகலம் அசையவில்லை

ஓட்டம் கூடும்போது ஆறு மூன்று வழியில் இடம் கொடுக்கிறது: அகலும், ஆழமாகும், வேகமாகும். அமெரிக்க ஆறுகளை வைத்து லியோபோல்டும் மேடாக்கும் 1953-இல் எழுதிய புகழ்பெற்ற கணக்கில், ஓரிடத்தில் அகலம் ஓட்டத்தின் 0.26 அடுக்காகக் கூடுகிறது. ஓட்டம் இரட்டித்தால் அகலம் 20 சதவீதம்தான் கூடும் என்று பொருள். இதைத் திருப்பிப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்: அகலத்தில் 10 சதவீதம் தவறாக அளந்தால், அதிலிருந்து திரும்பக் கணக்கிடும் ஓட்டம் 44 சதவீதம் தவறும். 80 மீட்டர் அகல ஆற்றில் 10 சதவீதம் என்பது 8 மீட்டர். சென்டினல்-2-இன் ஒரு பிக்சலே 10 மீட்டர்.

அதுவும் கரைகள் சாய்வாக இருந்தால்தான். கரை உயர்த்திக் கல் பதித்த பகுதியில் தண்ணீர் சுவரை ஒட்டி மேலே ஏறும், பக்கத்தில் போகாது. அங்கே அகலம் என்பது குருட்டுச் சாட்சி. கரைகள் சரிந்து, நடுவில் மணல்திட்டு இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். திட்டு மூழ்குவதும் எழுவதும் நல்ல அளவுகோல். ஒரே கோட்டில் அளக்காமல், ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்ப்பரப்பின் மொத்தப் பரப்பளவை எடுத்து நீளத்தால் வகுத்தால் பிக்சல் பிழை பெருமளவு சமனாகிவிடும்.

கோடையில் ஆறு விரிகிறது, மழைக்காலத்தில் சுருங்குகிறது

ரேடார் படத்தில் தண்ணீர் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? வழவழப்பான பரப்பு கதிரை வேறு பக்கம் தெறித்துவிடுவதால். காய்ந்து கிடக்கும் மணற்படுகையும் வழவழப்பானதுதான்; அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். கோடையில் ஆறு 'விரிவது' இதனால். மே மாதப் படத்தையும் நவம்பர்ப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டிலும் கறுப்பாக இருக்கும் இடத்தை அந்த வாரத்து சென்டினல்-2 படத்தோடு ஒப்பிட்டால் மணலா தண்ணீரா என்பது தெரிந்துவிடும்.

மழைக்காலச் சுருக்கத்துக்குக் காரணம் வேறு. கனமழை பெய்துகொண்டிருக்கும்போது நீர்ப்பரப்பு சொரசொரப்பாகிவிடும். காற்றும் அதையே செய்யும். சென்டினல்-1 விடியற்காலையிலும் மாலை ஆறு மணியை ஒட்டியும் கடக்கிறது. எங்கள் பகுதியில் மாலை என்றால் கடற்காற்று வீசும் நேரம். இரண்டும் கிடைத்தால் காலைப் படத்தை எடுங்கள். குடியிருப்புக்குள் புகுந்த வெள்ளம் இதற்கு நேர் எதிர்: நீரில் பட்ட கதிர் சுவரில் பட்டுத் திரும்பிச் செயற்கைக்கோளுக்கே போவதால், மூழ்கிய தெரு முன்பைவிட வெளிச்சமாகத் தெரியும். மணலி புதுநகர் மூழ்கிக் கிடந்த நாளின் படத்தில், எங்கள் தெருவை வறண்ட நிலம் என்று என் நிரல் அறிவித்தது.

பிறகு ஆகாயத்தாமரை. ரேடாருக்கும் ஒளிப்படத்துக்கும் அது நிலம்தான். ஒரே வாரத்தில் ஆறு பாதியாகச் சுருங்கி, அடுத்த வெள்ளத்தில் திடீரென்று பழைய அகலத்துக்கு வந்தால், செடி வந்து செடி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கரைகளுக்கு நடுவில் பச்சை தெரிந்தால் அதைத் தண்ணீராகவே எண்ணுங்கள்.

வட சென்னைக்கே உரிய இரண்டு தொல்லைகள்: அத்திப்பட்டைச் சுற்றிய உப்பளங்களும், அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிவுக் குளங்களும். இரண்டிலும் இருப்பது தண்ணீர்தான், ஆகவே நிரல் செய்வது தவறில்லை. ஆற்றுத் தண்ணீர் இல்லை என்பது அதற்குத் தெரியாது. தானியங்கி வழி எதையும் தேடாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து, ஆற்றின் எல்லையைக் கையாலேயே வரைந்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு உதவும்.

நீர்மட்டம் மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழே

முதல் முறை பார்த்தபோது எண்ணூருக்கு அடியில் பாதாள உலகம் திறந்துவிட்டது என்றே நினைத்தேன். செயற்கைக்கோள் உயரத்தை, பூமிக்கு நாம் கற்பித்த கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. கடல்மட்டம் அந்த நீள்கோளத்தில் பொருந்தி உட்காருவதில்லை. உலகிலேயே மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல்மட்டம் நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னையும் இருக்கிறது. ஈ.ஜி.எம். 2008 போன்ற ஒரு ஈர்ப்பு மாதிரியின் மதிப்பைக் கழித்தால் மட்டம் ஊருக்குத் திரும்பிவிடும்.

அதன்பிறகும் அணைக்கட்டில் எழுதியிருக்கும் மட்டத்தோடு சில பத்து சென்டிமீட்டர் வேறுபாடு இருக்கும். உள்ளூர் நில அளவைக் கற்களின் பூச்சியமும் உலக மாதிரியின் பூச்சியமும் ஒன்றல்ல. விளிம்புக்கு மேல் நீரின் உயரம் தேவைப்படும்போது இந்த வேறுபாடு ஆளைக் கவிழ்த்துவிடும். தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும் நாளின் செயற்கைக்கோள் மட்டத்தையே பூச்சியமாக வைத்துக்கொண்டால் இந்தச் சச்சரவே இல்லை.

மட்டம் ஒரு முறைக்கு மறுமுறை துள்ளுகிறது

கீழ்நோக்கிய பழைய வகை உயரமானிகளின் கதிர் தரையில் கிலோமீட்டர் கணக்கில் பரவும். அந்த வட்டத்துக்குள் எது பளபளப்பாக இருக்கிறதோ அதையே அவை பிடித்துக்கொள்ளும். ஆற்றுக்கு நேராக வருவதற்கு முன்பே பக்கத்து ஏரியைப் பிடித்துக்கொண்டு, தாண்டிய பின்னும் விடாது. அப்போது மட்டம் பரவளைவாக வளைந்து தெரியும். 2013 பிப்ரவரியில், பழவேற்காட்டுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சரள் குறுகிய அலைநீளத்தில் இயங்கியதால் இதில் மேம்பட்டது. ஆனாலும் கொசஸ்தலை அளவுள்ள ஆற்றுக்கு இவ்வகைக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்வாட்டையே பாருங்கள்.

ஸ்வாட்டிலும் துள்ளல் உண்டு. அது இருபுறமும் 50 கிலோமீட்டர் பட்டையாகப் பார்க்கிறது. நடுவில் 20 கிலோமீட்டர் இடைவெளி. உங்கள் பகுதி எந்தக் கடப்பில் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். பட்டையின் ஓரங்களில் இரைச்சல் கூடுதல். கிட்டத்தட்ட நேர்கீழாகப் பார்ப்பதால், கரையிலிருக்கும் மரமும் மின்கோபுரமும் நீரின்மேல் சாய்ந்து விழுந்ததுபோல் படத்தில் கலக்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. காற்றே இல்லாத காலையில் தண்ணீர் கண்ணாடியாகி, எதிரொளி திரும்பாமல் 'இருண்ட நீர்' ஆகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நாங்கள் மறக்கவில்லை. எண்ணெய்ப் படலமும் சிற்றலைகளை அமுக்கி, பரப்பை அதே போல வழவழப்பாக்கும். தரவோடு வரும் தரக்குறியீடுகளைப் படிக்காமல் எந்த மட்டத்தையும் எடுக்காதீர்கள். 200 மீட்டருக்கு ஒன்றாக வரும் கணுக்களில் (அளவுப் புள்ளிகளில்) ஒன்றை மட்டும் நம்பாமல், பலவற்றின் இடைநிலை மதிப்பை எடுங்கள்.

கணக்கு தடுமாறும் இன்னோர் இடம் காற்று மண்டலம். ரேடார் கதிரை உலர்ந்த காற்று மட்டுமே சுமார் 2.3 மீட்டர் அளவுக்குத் தாமதப்படுத்தும்; ஈரப்பதம் மேலும் சில பத்து சென்டிமீட்டர். உலர்ந்த பகுதியைக் காற்றழுத்தத்திலிருந்து நன்றாகத் திருத்தலாம். ஈரப்பதத் திருத்தம்தான் தடுமாறும், அதுவும் கடலோரத்தில். ஆனால் அது அருகருகே இருக்கும் புள்ளிகளை ஒரே அளவு உயர்த்தும். சரிவு பெரிதாகக் கெடாது.

புயல் வெள்ளமே கணக்கில் விழவில்லை

ஸ்வாட் 21 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. சென்டினல்-1-க்கு ஒரு செயற்கைக்கோள் மட்டும் இருந்தால் 12 நாள். கொசஸ்தலையில் ஒரு வெள்ளம் இரண்டு மூன்று நாளில் ஏறி வடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஒளிப்படங்கள் மேகத்தைத்தான் காட்டும். கனமழை ஸ்வாட்டின் குறுகிய அலைநீளத்தையே மங்கடிக்கும். ஆக, நமக்கு மிகவும் வேண்டிய நாளில் எல்லாக் கண்களும் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். ஆனால் அதுவும் 12 நாளுக்கு ஒரு முறைதான்.

இதைச் சரிசெய்ய முடியாது, மறைக்காமல் இருக்கத்தான் முடியும். இரண்டு கடப்புகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு இணைக்காதீர்கள். அந்தக் கோடு, நடந்த வெள்ளத்தை நடக்கவே இல்லை என்று சாதிக்கும். இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள், அல்லது அந்த நாட்களை மதகு அறிவிப்புகளால் நிரப்பி, அவ்வாறு நிரப்பியதை வேறு நிறத்தில் காட்டுங்கள்.

ஏற்ற இறக்கம் அப்படியே பொருந்துகிறது. அளவுதான் இரண்டு மூன்று மடங்கு வேறு

மற்ற கோளாறுகள் எல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் இங்கேதான். வளைவு சரியான நாளில் ஏறுகிறது, சரியான நாளில் இறங்குகிறது, எண் மட்டும் ஒட்டவில்லை என்றால், செயற்கைக்கோள் பார்த்தவற்றில் குறை இல்லை. பாராத இரண்டில் இருக்கிறது: ஆற்றின் அடித்தரை அல்லது சொரசொரப்பு.

ஒரு கற்பனைக் குறுக்குவெட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 100 மீட்டர், சராசரி ஆழம் 1 மீட்டர், சரிவு கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர், சொரசொரப்பு எண் 0.035. ஓட்டம் வினாடிக்கு 57 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 2,000 கனஅடி. நீர்மட்டம், அகலம், சரிவு எதையும் தொடாமல், தரை மட்டும் நாம் நினைத்ததைவிட அரை மீட்டர் தாழ்ந்திருப்பதாக வையுங்கள். ஓட்டம் 112 கனமீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட 4,000 கனஅடி. அரை மீட்டர் மேடாக இருந்தால் வெறும் 18 கனமீட்டர், சுமார் 640 கனஅடி. மேலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே ஆறு.

அரை மீட்டர் என்பது கொசஸ்தலையில் ஒன்றுமே இல்லை. மணல் அள்ளிய குழி அதைவிட ஆழம். தடுப்பணைக்குப் பின்னால் படிந்த வண்டல் அதைவிட உயரம். பலரும் தரைமட்டத்துக்கு எடுத்துப்போடும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து அளந்தது. அதற்குப் பிறகு இந்த ஆற்றில் எத்தனை லாரி மணல் போயிருக்கும் என்று கரையில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள்.

ஆனால் நம் ஆற்றுக்கு ஒரு வசதி இருக்கிறது. கங்கையையோ அமேசானையோ அளப்பவர்களுக்கு அது கிடைக்காது. கொசஸ்தலை கோடையில் காய்ந்துவிடுகிறது. குடிநீருக்குத் தவிக்கும் ஊரில் இதை வரம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என்றாலும் கணக்குக்கு வரம்தான். தண்ணீருக்கு அடியில் இருப்பதாக எல்லோரும் ஏங்கும் அந்தத் தரை, மே மாதத்தில் வெயிலில் கிடக்கிறது. 2018 செப்டம்பரில் போன ஐஸ்சாட்-2 லேசர் கதிரால் 0.7 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் தரையின் உயரத்தை அளந்துகொண்டு போகிறது. அதன் தடம் உங்கள் பகுதியைக் கோடையில் கடந்திருந்தால், குறுக்குவெட்டு இலவசமாகக் கிடைத்துவிடும். கடக்கவில்லையா, மட்டக் கருவியோடு ஒரு காலைப்பொழுது ஆற்றுக்குள் நடந்தால் போதும். நானும் நண்பர் ஒருவரும் அப்படித்தான் நடந்தோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "புதையலா தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு வகையில் ஆமாம். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் திரும்ப நடக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். வெள்ளம் தரையை அப்படியே விட்டுவிட்டுப் போவதில்லை.

சொரசொரப்பு எண்ணைப் பற்றி நீளமாகப் பேச ஏதுமில்லை. சுத்தமான மணற்படுகைக்கு 0.03-ஐ ஒட்டி வையுங்கள். சீமைக்கருவேலம் அடர்ந்த கரைப்பகுதிக்கு 0.1 வரை போகும். வெள்ளம் கரையேறும்போது முழு அகலத்துக்கும் ஒரே எண்ணைப் போடுவதுதான் வழக்கமான தவறு. நடு ஆற்றைத் தனியாகவும் முட்புதரைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

சரிவைப் பொறுத்தவரை ஸ்வாட்டின் இலக்கு, 10 கிலோமீட்டர் நீளத்தில் கிலோமீட்டருக்கு 1.7 சென்டிமீட்டர் பிழை. மேலே சொன்ன 40 சென்டிமீட்டர் சரிவில் அது ஓட்டத்தை 2 சதவீதம்தான் அசைக்கும். கழிமுகத்தை நெருங்கிச் சரிவு 5 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதே பிழை 15 முதல் 20 சதவீதம் அசைக்கும்.

பூண்டியில் திறந்தது ஒன்று, வள்ளூரில் கணக்கு வருவது வேறு

இது பிழையாகவே இல்லாமல் இருக்கலாம். பருவத்தின் முதல் திறப்பில் தண்ணீர் வரும் வழியெல்லாம் காய்ந்த மணல் குடித்துக்கொண்டே வரும். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடியைக் கடல்நீர் பிடித்துவிட்ட கதை தெரிந்தவர்கள் அந்தக் குடிப்பை இழப்பு என்று சொல்ல மாட்டார்கள். தடுப்பணைகள் நிரம்ப வேண்டும். தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஒரு பங்கு சோழவரம் பக்கம் பிரிந்து போகலாம். பூண்டிக்குக் கீழே பெய்த மழையும் வந்து சேரும். புழல் உபரிநீரோ வள்ளூருக்கு வராமல் நேராகக் கழிமுகத்தில்தான் விழுகிறது. ஆகவே பூண்டி எண்ணை ஒப்பீட்டுக்கு எடுப்பதானால், படுகை நனைந்து, தடுப்பணைகள் நிரம்பி, மழை ஓய்ந்து, திறப்பு ஒரே அளவில் ஒரு நாளாவது நீடித்த நேரங்களை மட்டும் எடுங்கள். ஒரு பருவத்தில் அப்படிப்பட்ட நாள் நாலைந்து தேறினால் அதிகம்.

பொருத்தம் மிகக் கச்சிதமாக இருக்கிறது

எனக்கு அதிகக் காலம் புரியாமல் இருந்த கோளாறு இதுதான், ஏனென்றால் இது கோளாறாகத் தெரியாது. என் வளைவும் மதகு அறிவிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. எண்ணூர் அண்ணனிடம் மறுபடியும் எடுத்துப்போனேன். தரைமட்டத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார். மதகு அறிவிப்போடு பொருந்தும் வரை தரையை ஏற்றி இறக்கினேன் என்றேன்.

"அப்படியானால் பொருந்தாமல் என்ன செய்யும்?"

திருத்துவதற்கு ஒரு வெள்ளம், சோதிப்பதற்கு வேறு வெள்ளம் என்று அன்றே பிரித்தேன். ஒதுக்கி வைத்திருந்த இரண்டாவது வெள்ளத்துக்குக் கணக்கிட்டபோது, அறிவிப்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்தது. அந்த ஒன்றரையைத்தான் இப்போது என் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.